சோலைமலை இருந்த ஆளா?

எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல்பிரிவில் கொழுந்தெடுத்த அம்மாக்கண்ணுவுக்கு, உலகத்தில் உண்மையில் இருந்த ஆள் யார், கதையில் வந்த ஆள் யார் என்பதில் எப்போதும் குழப்பம். ஒருமுறை ஹட்டனுக்குப் போய்ப் படம் பார்த்துவிட்டு வந்தவள், அதில் விஷம் குடித்துச் செத்துப்போன நாயகிக்காகச் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தாள். அடுத்த மாதம் அதே நாயகி வேறொரு படத்தின் சுவரொட்டியில் சிரித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டாள்.

"அப்ப செத்தது யாரு?" என்று புருஷன் முத்துலிங்கத்திடம் கேட்டாள்.

அவன் பொறுமையாக விளக்கிச் சொன்னான். அவளும் தலையாட்டினாள். பாதி வழி நடந்த பிறகு, "அப்ப அழுதது?" என்றாள்.

"அது நீ" என்றான் முத்துலிங்கம்.

அவளை இளக்காரமாக நினைத்துவிடக் கூடாது. கொழுந்தெடுப்பில் கை வேகமானவள். கூடை நிறைந்தால் பக்கத்துச் செடி வரிசையில் நிற்கும் நிரைக்காரிக்கு இரண்டு பிடி போட்டுவிட்டுத்தான் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு நடப்பாள். என் அம்மாவும் அவளுடன் கொழுந்தெடுத்தவள்தான். இதையெல்லாம் எனக்குச் சொன்னதும் அம்மாதான்.

இங்கிலாந்து ராணி இலங்கைக்கு வந்துபோய் இரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். மேல்பிரிவுப் பெண்களிடம் ஒரு விளையாட்டு நடந்துவந்தது. பேர் விளையாட்டு என்றுதான் அதற்குப் பேர். அவர்களில் பாதிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தோட்டத்துப் பள்ளிக்கூடம் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்கு அடுத்தாற்போல் இருந்ததால், பிள்ளைகள் கத்திக் கத்தி 'க, கா, கி, கீ' வரிசை எல்லோருக்கும் வாயில் ஏறியிருந்தது. நிரை பிடித்துக் கொழுந்தெடுக்கும்போது ஒருத்தி ஓர் எழுத்தில் தொடங்கும் பேரைச் சொல்ல வேண்டும். ஊரறிந்த பேராக இருக்க வேண்டும். சாமி பேருக்கு இடமில்லை, அது பாவம் என்று முதலிலேயே பேசிவிட்டார்கள். பேரைச் சொன்னதும் அடுத்த நிரையில் நிற்பவள், அது இருந்த ஆளா, கதை ஆளா என்று சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் மத்தியானம் பாதி ரொட்டியைக் கொடுத்துவிட வேண்டும்.

கு-வுக்கு ஒருத்தி குஞ்சம்மா என்பாள். நுவரெலியாவில் கூடாரம் போட்ட சர்க்கஸில் கயிற்றின்மேல் நடந்தவள், இருந்த ஆள். பூ-வுக்குப் பூமுடி ராணி. ஒற்றைக் கண்ணால் ஏழு கடல் பார்ப்பவள், கதை ஆள். தொ-வுக்குத் தொப்பித்துரை. முந்தி ஒரு காலத்தில் தோட்டத்தை நிர்வகித்து, குதிரையிலிருந்து விழுந்து ஊருக்குப் போன வெள்ளைக்காரர். அவர் இருந்த ஆள்தான் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் அம்மாக்கண்ணு 'கதை ஆள்' என்றாள். குதிரைமேல் தொப்பி போட்டுக்கொண்டு வந்தவர் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்று அவளுக்குத் தோன்றியது. பூமுடி ராணியை 'இருந்த ஆள்' என்றதும் அவள்தான். ஆகவே அவள் ரொட்டி பெரும்பாலும் பாதியாகத்தான் இருக்கும்.

கந்தப்பன் கங்காணி இந்த விளையாட்டைத் தடுக்கவில்லை. "கை நிக்காம வாய் என்னா வேணும்னாலும் செய்யட்டும்" என்பார்.

அந்த வருஷம் டயகமவிலிருந்து சண்முகவடிவு என்ற பெண் எங்கள் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். துடுக்கான பேச்சு. வந்த கொஞ்ச நாளிலேயே அவளையும் விளையாட்டில் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு நாள் வரிசை சொ-வைத் தாண்டி சோ-வுக்கு வந்தபோது அவள் முறை.

"சோலைமலை" என்றாள்.

அடுத்த நிரையில் அம்மாக்கண்ணு. வழக்கமாக அவள் கொஞ்ச நேரம் யோசிப்பாள், பிறகு எதையோ சொல்வாள். அன்றைக்கு யோசிக்கவே இல்லை.

"இருந்த ஆள்!"

"தப்புக்கா. கதை ஆள். ரொட்டியக் குடுத்துருங்க."

"இல்ல. இருந்த ஆள்."

"எங்க டயகமயில சின்னப் புள்ளைக்கும் தெரியும்க்கா. மலை சரிஞ்சப்ப லயத்து வீட்டு மொகட்ட தோள்ல தாங்கினானே, அந்தச் சோலைமலை. சனமெல்லாம் வெளிய வந்துருச்சு. வந்தவங்க அவன்கிட்ட 'விட்டுடு'ன்னு சொல்ல மறந்துட்டாங்க. அதனால இன்னமும் மண்ணுக்குள்ள தாங்கிக்கிட்டு நிக்கிறான். இது கதை இல்லாம என்னா?"

அம்மாக்கண்ணுவின் கை கொழுந்தின்மேல் நின்றுவிட்டது.

"அது எங்கப்பா" என்றாள்.

முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு நிரை முழுக்கச் சிரிப்பு ஓடியது. கை நின்றதைப் பார்த்துக் கந்தப்பன் கங்காணி வந்தார். அவரிடமே நியாயம் கேட்டார்கள்.

"நானும் கேள்விப்பட்டிருக்கேன்" என்றார் அவர். "ஆனா அது கம்பளைப் பக்கம் நடந்ததுன்னுல்ல சொன்னாங்க? தாங்குனது ஒரு பொம்பளன்னு ஞாபகம். சரி, எடுங்க எடுங்க."

அன்று மத்தியானம் அம்மாக்கண்ணு ரொட்டி கொடுக்க மறுத்தாள். அதுவரை அவள் மறுத்ததே இல்லை.

அவளுக்கு அப்பாவைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அவள் அம்மா வேலாயி சொன்னது மட்டுமே. டயகமவில்தான் அம்மாக்கண்ணு பிறந்தாள். வேலாயி இறந்தபோது அவளுக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்த வயசு. அதற்குப் பிறகு சின்னம்மா போய் அவளை எங்கள் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். சின்னம்மாவும் இப்போது இல்லை. "உங்கப்பா மலையையே தோள்ல தாங்குன மனுசன்டி. சனமெல்லாம் அவரு காலுக்குள்ள பூந்து வெளிய போச்சு" என்று அம்மா சொன்னது நன்றாக நினைவிருந்தது. பிறகு என்ன ஆனார் என்று கேட்டால் அம்மா அடுப்பை ஊதப் போய்விடுவாள். இன்னொன்றும் நினைவிருந்தது. ஒரு தோளின்மேல் உட்கார்ந்து, கீழே தேயிலைச் செடிகளின் தலையைப் பார்த்தது. தோள் இருந்தது, ஆனால் அந்தத் தோளுக்குரிய முகம் இல்லை.

நிரையில் அவளுக்குக் 'கதையாளு மக' என்று பேர் வந்துவிட்டது. கேலிதான், கொடுமை இல்லை. ஆனால் அவள் உறக்கம் கெட்டது. அப்பா கதை ஆள் என்றால் தான் யார்? கதை ஆளுக்குப் பிள்ளை பிறக்குமா? செத்தவள் சுவரொட்டியில் சிரிக்கும்போது, மண்ணுக்குள் ஒருவர் இன்னும் நின்றுகொண்டிருக்க முடியாதா? ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவியது.

"இருந்தா என்னா, இல்லாட்டி என்னா?" என்றான் முத்துலிங்கம். தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மேல்மாடியில் அவனுக்கு வேலை. எதையும் அவசரப்படாமல் காயவிட்டுப் பார்க்கும் சுபாவம். "நீ இருக்கியே. யாரோ இருந்ததாலதான இருக்கே."

"அந்த யாரோ யாருன்னுதான் கேக்குறேன்."

மறுநாள் சண்முகவடிவே வந்து, "அக்கா, நான் வெளையாட்டுக்குத்தான் சொன்னேன். வர்ற ஞாயித்துக்கெழம அம்மா வீட்டுக்குப் போறேன். கூட வாறீங்களா? எங்க சித்தப்பாவக் கேப்போம். அவரு அங்கேயே பொறந்து வளந்தவரு" என்றாள்.

மகளை முத்துலிங்கத்திடம் விட்டுவிட்டு அம்மாக்கண்ணு புறப்பட்டாள். தலவாக்கலையில் பஸ் மாறி, அக்கரப்பத்தனையைத் தாண்டி டயகமவில் இறங்கினார்கள். பிறந்த ஊர்தான். எதுவும் அடையாளம் தெரியவில்லை. ஒரு திருப்பத்தில் நின்ற சவுக்கு மரத்தைப் பார்த்து, "இது எனக்குத் தெரியும்" என்றாள். அது போன வருஷம் நட்டது என்றாள் சண்முகவடிவு.

சித்தப்பா நல்லமுத்துவுக்கு முப்பத்தைந்து வயசுக்கு மேல் இருக்கும். விஷயத்தைக் கேட்டதும் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"கதையா? எவன் சொன்னான் கதைன்னு? நான் அந்த லயத்துல இருந்தேன் புள்ள! விடியக் கருக்கல். அம்மா என்னையப் புடிச்சு இழுத்துக்கிட்டு ஓடுறா. வாசல்ல ஒரு ஆளு குறுக்க நிக்கிறாரு. மொகட்டு மரம் அவரு தோள்ல. நான் அவரு காலுக்குள்ள பூந்து போனேன். என் முதுகுல அவரு முட்டி உரசுச்சு. இந்த எடம்." முதுகைத் திருப்பிக் காட்டினார். அங்கே ஒன்றும் இல்லை.

"ஆளு எப்படி இருப்பாரு?" என்று கேட்டாள் அம்மாக்கண்ணு.

"நெடுநெடுன்னு. நிலையில தலை இடிக்கும்."

"சோலைமலைதான?"

"அவரு பேரு அழகன். மதுரைப் பக்கம் சோலைமலையில இருந்து வந்ததால சோலைமலையான் சோலைமலையான்னு கூப்புட்டுக் கூப்புட்டு அதே பேராப் போச்சு. உங்கம்மா ஒனக்குச் சொல்லலியா?"

சொல்லவில்லை. புருஷன் பேரை எந்தப் பெண்சாதி வாயால் சொல்வாள்? எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அம்மாக்கண்ணுவைச் சேர்த்தபோது வாத்தியாரிடம் சின்னம்மாதான் 'சோலைமலை' என்று சொன்னாள். சின்னம்மா அதை அக்காவிடம் கேட்டிருப்பாள். அக்கா 'சோலைமலையில இருக்குற சாமியோட பேரு' என்று ஜாடையாகச் சொல்லியிருப்பாள். சின்னம்மா அழகரை விட்டுவிட்டு மலையைப் பிடித்துக்கொண்டாளோ என்னவோ. இத்தனை வருஷமாக அப்பாவின் பேர்கூட வேறு. அம்மாக்கண்ணு "அழகன்" என்று ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். அந்நியர் ஒருவரைக் கூப்பிடுவதுபோல் இருந்தது.

"அப்புறம் என்னா ஆனாரு?"

நல்லமுத்து கொஞ்சம் தடுமாறினார். "நான் வெளிய வந்துட்டேன். அம்மா திரும்பிப் பாக்க விடல."

அந்த லயம் இப்போது இல்லை. அந்த இடத்தில் தேயிலைக் கன்று வளர்க்கும் தவறணை இருந்தது. பார்த்துவிட்டுத் திரும்பும்போது, பக்கத்துக் காம்பரா வீட்டு வாசலில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கைகளைத் தூக்கி நிலைப்படியை முட்டுக்கொடுத்து நிற்க, மற்றவர்கள் அவன் காலுக்கிடையில் புகுந்து புகுந்து ஓடினார்கள். "சோலைமலை, விட்டுடாத! சோலைமலை, விட்டுடாத!" என்று கூச்சல். கடைசிப் பிள்ளை புகுந்ததும் அவன் கையை விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே ஓடினான்.

அம்மாக்கண்ணு அங்கேயே நின்று பார்த்தாள். அழலாமா, சிரிக்கலாமா என்று தெரியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஆனாலும் மனசு நிறைந்திருந்தது. தொட்ட ஆள் ஒருவர் இருக்கிறாரே. முட்டி உரசியதே.

பஸ்ஸுக்கு நேரமிருந்தது. மழை பிடித்துக்கொண்டதால் கடைவீதியில் மீராசாஹிப்பின் மளிகைக் கடைக்குள் ஒதுங்கினார்கள். வெள்ளைத் தாடி வைத்தவர். சண்முகவடிவைப் பிறந்ததிலிருந்து தெரியும்.

"மொதலாளி, இவங்க யாருன்னு தெரியுதா? வேலாயி மக."

மீராசாஹிப் மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அந்தக் கருவாட்ட மோந்து மோந்து பாத்து வாங்குவாளே, அந்த வேலாயியா? அல்லாவே! நீதானா அந்தக் கம்பளிப் புள்ள?"

"கம்பளிப் புள்ளயா?"

"உங்கப்பன் ஒன்னையக் கம்பளிக்குள்ள மாரோட சுத்திக்கிட்டுத்தான் கடைக்கு வருவாரு. தலை மட்டும் வெளிய எட்டிப் பாக்கும். கருப்பட்டி ஒரு துண்டு வாங்குவாரு. ஒனக்கும் நாக்குல தொட்டு வைப்பாரு."

அம்மாக்கண்ணு கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டாள். "ரொம்ப உசரமா இருப்பாராமே?"

"யாரு, வேலாயி புருசனா?" அவர் கையை நெஞ்சு மட்டத்துக்குக் காட்டினார். "இம்புட்டுத்தான் இருப்பாரு. அரிசி மூட்டையத் தூக்கச் சொன்னா மத்தவனுக தூக்கி வுடணும். நல்ல மனுசன், பாவம்."

"மலைய… மலையத் தாங்குனவரு எங்கப்பாதான?"

மீராசாஹிப் சிரிக்கத் தொடங்கினார். அவள் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"அவரு காய்ச்சல்ல போனாரு மக. மண்ணு சரிஞ்சது அதுக்கு அடுத்த மழையில. அதுவும் பகல்ல. சனமெல்லாம் வேலைக்காட்டுல இருந்துச்சு. ரெண்டு ஆடுதான் மண்ணுல போச்சு."

"எங்க சித்தப்பா நேர்ல பாத்தேங்கிறாரு!" என்றாள் சண்முகவடிவு கோபமாக.

"இருக்கலாம். ஆனா அந்தக் கதைய நான் மொதல்ல கேட்டது இவ அம்மா வாயாலதான். இந்தா, இந்தப் படியில உக்காந்திருப்பா. இந்தப் புள்ள அப்பன் எங்கன்னு அழுவும். அப்பன் மலையத் தாங்கிக்கிட்டு இருக்காரு, கைய எடுக்க முடியாது, அதான் வரலன்னு சொல்லுவா. சுத்தி நாலு புள்ளைக உக்காந்து கேக்கும். நாளுக்கு நாள் கதை நீளும்."

வெளியே மழை கொட்டியது. அம்மாக்கண்ணு அந்தப் படியைப் பார்த்தாள். அப்போது கடைக்குப் பின்னால் திரைக்கு அப்பால் உள்ள வீட்டிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. மீராசாஹிப்பின் மனைவி சாரா உம்மா.

"என்னா பேசுறீங்க? அழகன் நெட்டையான மனுசன்! நம்ம கதவுல குனிஞ்சுதான வருவாரு!"

"அது வேற ஆளு. நீ கங்காணி மவனச் சொல்றே."

"கங்காணி மவனுக்கு மாறுகண்ணு. நான் அழகனைச் சொல்றேன்."

"அழகன் யாரு? வேலாயி புருசன் பேரு அழகனா?"

"பின்ன என்னா பேரு?"

"எனக்கெங்க தெரியும்? கடன் கணக்குல வேலாயி புருசன்னுதான் எழுதுவேன்."

அவர்கள் இருவரும் திரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வாதாடிக்கொண்டிருக்கும்போதே பஸ் வந்துவிட்டது. ஏறும்போது மீராசாஹிப் பின்னாலேயே ஓடிவந்து, காகிதத்தில் சுற்றிய கருப்பட்டித் துண்டு ஒன்றை ஜன்னல் வழியாக நீட்டினார். "நான் கடையில இருந்தவன் மக. லயத்துல நடந்தது எனக்கு என்னா தெரியும்? மனசுல வச்சுக்காத" என்றார்.

வழி முழுக்க அம்மாக்கண்ணு கருப்பட்டிப் பொட்டலத்தை மடியில் பிடித்துக்கொண்டிருந்தாள். நெட்டையும் குட்டையுமாக இரண்டு பேர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள். ஒருவரைப் பார்த்தால் மற்றவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டு வாசலில் மகளை வைத்துக்கொண்டு முத்துலிங்கம் நின்றிருந்தான்.

"கெடைச்சாரா?"

"ரெண்டு பேரு கெடைச்சாங்க" என்றாள்.

உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கடைசிவரை கேட்டான்.

"அந்தத் தோளு?" என்றாள் அவள். "அம்புட்டு உசரத்துல இருந்து பாத்தேனே? குட்டையான ஆளு தோள்ல இருந்து செடித் தலை தெரியுமா?"

"புள்ளைக்கு எல்லாத் தோளும் உசரந்தான்" என்றான் முத்துலிங்கம். அது அவளுக்கு ஆறுதலாகவும் இருந்தது, இன்னும் குழப்பமாகவும் இருந்தது.

மறுநாள் நிரையில் எல்லோரும் காத்திருந்தார்கள். அம்மாக்கண்ணு சொன்னாள், சண்முகவடிவு இடையிடையே திருத்தினாள். கேட்டவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். பேர் இருந்த ஆளுடையது, ஆகவே இருந்த ஆள் என்றது ஒரு கட்சி. செய்த காரியம் கதையில்தான் இருக்கிறது, ஆகவே கதை ஆள் என்றது மற்றது. என் அம்மா, ஆடு செத்தது உண்மையானால் மலை சரிந்ததும் உண்மை, மலை சரிந்தால் யாராவது தாங்கித்தானே இருக்க வேண்டும் என்று வாதாடினாளாம். கந்தப்பன் கங்காணி, "அப்ப அந்தக் கம்பளைப் பொம்பள?" என்று கேட்டுவிட்டு யாரும் பதில் சொல்லாததால் போய்விட்டார்.

அதற்குப் பிறகு விளையாட்டில் ஒரு மாற்றம் வந்தது. சோ வந்தால் யாரும் பேர் சொல்லாமல் சௌ-வுக்குத் தாவிவிடுவார்கள். அவள் மனம் நோகக் கூடாது என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள் போலிருக்கிறது. 'கதையாளு மக' என்பதும் நின்றுபோனது. இது அம்மாக்கண்ணுவுக்குச் சந்தோஷத்தைத் தரவில்லை. சில நாள் பொறுத்துப் பார்த்தாள். ஒருமுறை வரிசை தாண்டிப் போனபோது செடிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "ஏன், அவரச் சொன்னா என்னா? கதைன்னே வச்சுக்கங்க, பாதி ரொட்டிதான?" என்று சத்தம்போட்டாள். அவள்தான் கடைசியில் அந்தப் பேரைச் சொன்னாள். அடுத்த நிரைக்காரி இருந்த ஆள் என்றும் சொல்லாமல் கதை ஆள் என்றும் சொல்லாமல், தன் ரொட்டியில் பாதியை எடுத்துக் கொடுத்தாள்.

அந்தத் தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம், செத்தவர்களுக்குப் படைக்கும்போது, அம்மாக்கண்ணு முதல் தடவையாக அப்பாவுக்கும் இலை போட்டாள். அதுவரை அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் மட்டுந்தான் படைப்பாள். பிறகு தோட்டத்தில் இருந்த காலம் வரைக்கும் அதை விடவில்லை. அன்று அம்மா இலைக்குப் பக்கத்தில் ஓர் இலை போட்டு, பால் இல்லாத சாதா தேத்தண்ணியும் கருப்பட்டித் துண்டும் வைத்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டு அதற்குப் பக்கத்தில் இன்னோர் இலை போட்டாள்.

விளக்கில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த முத்துலிங்கம் நிமிர்ந்து பார்த்தான். "இது யாருக்கு?"

"அந்த நெட்டையானவருக்கு."

அவன் எண்ணெய்ப் போத்தலை ஓரமாக வைத்தான்.

"அவருக்கு என்னா புடிக்கும்னு தெரியலியே" என்றாள். "யாரும் சொல்லல. நானும் கேக்கல."

முத்துலிங்கம் திரியைத் தூண்டிவிட்டான். "அத்தன நாளா தாங்கிக்கிட்டு நிக்கிற மனுசன். பசியோடதான் இருப்பாரு. நெறையாப் போடு."

அம்மாக்கண்ணு சோற்றுப் பானையை நெருக்கமாக இழுத்து வைத்துக்கொண்டு, அந்த இலையில் இன்னொரு அகப்பை சோறு வைத்தாள்.